இடது முன் கதவு

ஒக்டோபர் 5, ஞாயிறு

வெயில். காற்று அசைவில்லை. வாவிப் பக்கமிருந்து சேற்று மணம் மட்டும் வருகிறது. மாரி வரப்போகுது என்று ஊரே சொல்கிறது, வானம் கேட்பதாக இல்லை.

காலை கார் கழுவல். முன் டயருக்குக் காற்று. பின்னேரம் காருக்குள் பாட்டு. மூன்றாவது பாட்டு பாதியில் போகும்போது மருமகன் வந்து கண்ணாடியில் தட்டினார்.

"மாமா, குறை நினைக்காதீங்க. புள்ள இப்பதான் கண் மூடினது. பாட்டு அறைக்குள்ள வந்து விழுது. கொஞ்சம் குறைச்சா நல்லம்."

நல்ல பிள்ளை. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதும் சொல்லியிருப்பேன். இப்படி மரியாதையாகச் சொல்கிற ஆளை என்ன செய்வது? "ஓம் தம்பி" என்று நிறுத்திவிட்டேன்.

(மருமகன் என்று ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதக் கை வலி. இனி ம.ம. மகள் சுதா, சு. பஸ் டிப்போவில் நேரம் குறித்துப் பழகிய கை, சுருக்கத்தான் பார்க்கும்.)

வீடு சு.வின் வீடு. எங்கள் பக்கத்து வழக்கம் அதுதானே. என் மனிசி பூமணிக்கு அவள் தாய் கொடுத்த வீடு, சு.வின் கலியாணத்தோடு சு.வின் பேருக்குப் போனது. நானே முன்னுக்கு நின்று எழுதுவித்தேன், சந்தோஷமாக. மட்டக்களப்பில் ஆண்பிள்ளை தாய் வீட்டில் பிறக்கிறான், பெண்சாதி வீட்டில் வாழ்கிறான், மகள் வீட்டில் சாகிறான். பூமணி இருந்தவரை இது எனக்கு உறைக்கவே இல்லை. அவள் போன பிறகுதான் எந்தக் கதிரையில் இருந்தாலும் அது யாரோ ஒருவருடைய கதிரை என்று தெரிகிறது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் சண்டையாவது பிடிக்கலாம்.

கார் மட்டும் என் பேரில். ஆகவே கார்தான் என் அறை. இந்தக் கொப்பியும் அதற்குள்தான், டேஷ்போர்ட் பெட்டியில், கண்ணாடி துடைக்கும் துணிக்குக் கீழே.

டிப்போ இரைச்சல் பாதிக் காதைத் தின்றுவிட்டது. மெல்லப் போட்டால் எனக்குச் சொற்கள் விளங்காது. கூட்டிப் போட்டால் பிள்ளை எழும்பும். பாட்டையும் விட்டால் பின்னேரத்தில் எனக்குப் போக ஒரு இடமில்லை.

ஏதாவது செய்ய வேண்டும்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

காத்தான்குடி. கார்ச் சாமான் கடை. கடைக்கார நானா (காத்தான்குடியில் அண்ணனுக்கு நானா) என்னை ஒரு பார்வை, காரை ஒரு பார்வை. இரண்டும் ஒரே வருஷத்து மொடல் என்று நினைத்திருப்பார்.

நல்ல ஸ்பீக்கர் கேட்டேன். விற்க மாட்டேன் என்கிறார். இப்படியும் ஒரு வியாபாரி.

"ஸ்பீக்கர மாத்திப் பிரயோசனம் இல்ல அண்ணன். கதவு வெறுந் தகரம். தகரத்துல ஸ்பீக்கர வச்சா தகரமும் சேந்து பாடும். உள்ளுக்குப் பாதி, ரோட்டுக்குப் பாதி. முதல்ல கதவ ஊமையாக்கணும்."

விரலால் இடது முன் கதவைச் (இனி இ.மு.) சுண்டிக் காட்டினார். மாவு டின் மாதிரி ஒரு சத்தம். பிறகு கடைக்குள் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு கதவைச் சுண்டினார். தார்த்தகடு ஒட்டியது. பலகையில் தட்டியது போலச் செத்த சத்தம். உடனே ஆசை பிடித்துவிட்டது.

செய்ய வேண்டியவை (அவர் சொன்னபடி):
உள்தட்டைக் கழற்று. கிளிப் கவனம்.
ஊத்தை, எண்ணெய் எல்லாம் தின்னர் போட்டுத் துடை.
வெளித் தகரத்தின் உட்பக்கம் தார்த்தகடு. உருளையால் அழுத்து, காற்று நிற்கக்கூடாது.
பெரிய ஓட்டைகளை மூடு.
உள்தட்டுக்குப் பின்னால் பஞ்சு.

"கதவுக்கு அடியில தண்ணி போற ஓட்டை இரிக்கி. அத மட்டும் அடச்சிராதீங்க அண்ணன். கண்ணாடியால இறங்குற மழத்தண்ணி அதாலதான் போகணும்."

ஓம் ஓம் என்றேன். அவர் வைத்திருந்த தகட்டை வாங்கவில்லை. இரண்டு கடை தள்ளி ஹாட்வெயாரில் கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற தார்ச்சுருள் தொங்கியது. அதே வெள்ளி முதுகு, அதே கறுப்பு வயிறு. தார் தார்தானே.

வரும் வழியில் கல்லடிப் பாலத்தில் நெரிசல். பக்கத்து சீட்டில் தார்ச்சுருள். மூலையில் சாயாமல் இருக்க பெல்ட் போட்டுவிட்டேன். வெளியில் நின்ற பொலிஸ்காரர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

ஒக்டோபர் 8, புதன்

இ.மு. கழற்றல். மூன்று கிளிப் முறிந்தது. நான்காவதை முறிக்காமல் எடுத்ததற்கு எனக்கு நானே தேத்தண்ணி.

கதவுக்குள் பார்ப்பது இதுவே முதல் தரம். இத்தனை வருஷம் திறந்து மூடியிருக்கிறேன், உள்ளே ஒரு உலகம். மணல், எறும்பு, காய்ந்த வேப்பிலை. அடியில் சின்னச் சின்னதாய் வெள்ளை வட்டங்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். குளிசை. கார் ஓட்டத்துக்குத் தலை சுற்றுகிறது என்று பூமணிக்கு நான் வாங்கிக் கொடுக்கிறது.

"போட்டுட்டியா?"
"போட்டுட்டன்."

ஒவ்வொரு பயணத்திலும் இதே கேள்வி, இதே பதில். போட்டிருக்கிறாள்தான், கண்ணாடி இடுக்குக்குள்! ஒன்றிரண்டு அல்ல, கை கொள்ளாமல் கிடக்கிறது. கதிர்காமத்துக்குக்கூட குளிசை இல்லாமல்தான் வந்திருக்கிறாள், சத்தி, வாந்தி ஒன்றும் வராமல், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். தனியாக இருந்து சத்தமாகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கேட்க ஆள் இல்லை. கள்ளி, உன்னைப் பிடித்துவிட்டேன் என்று யாருக்குச் சொல்வது?

சு.விடம் சொல்லலாம் என்று குசினி வாசல் வரை போனேன். பிள்ளை அழுதுகொண்டிருந்தது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "என்னப்பா?" என்றாள். "ரொட்டிக் கட்டையத் தா" என்று கேட்டு வாங்கி வந்தேன்.

தார் ஒட்ட உருளைக்குப் பதில் ரொட்டிக் கட்டை. நன்றாகத்தான் வேலை செய்கிறது. திருப்பிக் கொடுக்க முடியாது. வேறு வாங்க வேண்டும். குளிசைகளைப் போத்தல் ஒன்றில் போட்டு வைத்தேன். ஏன் என்று தெரியாது.

ஒக்டோபர் 10, வெள்ளி

வெயில் குறையவில்லை. காருக்குள் தார் மணம். ம.ம. காலையில் மூக்கைச் சுளித்து, "மாமா, ரோட்டுப் போடுறாங்களா?" என்றார். நானா சொன்ன தகட்டை வாங்கியிருக்கலாம். இதை எழுதும்போது கோபம் வருகிறது, ஆகவே எழுதவில்லை.

ஆனால் சத்தம்! மேளம் மேளமாகக் கேட்கிறது. அடிச்சத்தம் வயிற்றில் வந்து நிற்கிறது. எத்தனையோ வருஷம் கேட்ட பாட்டில் வீணை ஒன்று இருந்தது இன்றுதான் தெரியும்.

ஒரு குறை. இ.மு. பக்கத்தில் ஏதோ ஆடுகிறது. டக் டக். எப்போதும் இல்லை, இடைக்கிடை. பூட்டுக் கம்பியாக இருக்கும். கழற்றி, கம்பிக்குத் துணி சுற்றி, மறுபடி பூட்டல். மறுபடி டக் டக். கண்ணாடித் தண்டாக இருக்கும். மறுபடி கழற்றல்.

கதவை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு இருக்க அருளப்புவின் நினைவு. பக்கத்து வளவு. எங்கள் டிப்போவில் கொண்டக்டர். மணி அறுந்த பழைய பஸ்களில் தகரத்தில் கையால் அடித்தே வாழைச்சேனை போய் வருவான். ஒரு அடி என்றால் நிறுத்து, ஆள் ஏற இருக்கு. இரண்டு அடி என்றால் ரைட், எடு. மற்றவர்கள் அடித்தால் டிறைவர் ஒருதரம் கண்ணாடியில் திரும்பிப் பார்ப்பான். அருளப்பு அடித்தால் பார்க்காமல் எடுப்பான். பின்னேரத்தில் நான் நேரம் குறிக்கிற கூட்டுக்குள் வந்து இருந்து, ரேடியோவில் பாட்டுக் கேட்டு, என் பங்கு வடையையும் தின்றுவிட்டுப் போவான்.

அதெல்லாம் வேலிக்கு முந்திய கதை. கிடுகு வேலியைப் பிடுங்கித் தகரம் அடித்தபோது எங்கள் பக்கம் ஒரு முழம் வந்துவிட்டான். நான் அளந்தேன். அவனும் அளந்தான். அவன் முழம் வேறு, என் முழம் வேறு. கிராம சேவகர் வந்து இரண்டு பேரையும் ஏசிவிட்டுப் போனார். அன்றைக்கு நின்ற கதை பேச்சு. பூமணியின் செத்தவீட்டுக்கு வந்து படலையில் நின்றான், உள்ளே வரவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. போன வருஷம் அவனுக்குப் பாரிசவாதம். ஒரு பக்கம் இழுத்து, பேச்சும் போயிற்று என்று சு. சொன்னாள். போய்ப் பார்த்தால் பேச முடியாதவனுடன் என்ன பேசுவது என்று போகவில்லை.

மீன்காரன் இன்று வரவில்லை. பருப்பு.

ஒக்டோபர் 12, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கம்பி இல்லை. தண்டு இல்லை. கதவே இல்லை.

பாட்டை நிறுத்தி, கதவைத் திறந்து, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தேன். டக் டக். தகர வேலி! கார் நிற்கிற கொட்டிலுக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடம்தான். அந்தப் பக்கத்தில் அருளப்புவைக் காற்றுக்காகக் கட்டிலோடு வெளியில் போட்டிருக்கிறார்கள் போல. தடியால் வேலியை அடிக்கிறான்.

சோதித்துப் பார்த்தேன். ஒரு பாட்டைப் போட்டேன். முடிகிற இடத்தில் டக் டக். போதும், முடி என்கிற மாதிரி. அடுத்ததைத் தொடங்கினேன், அடங்கினான். முடிந்ததும் மறுபடி டக் டக். வேண்டுமென்று கூட்டிப் போட்டேன். அடியும் கூடியது.

வாய் போனாலும் வம்பு போகவில்லை.

ஒரு முழம் மண் எடுத்தான், பொறுத்தேன். இப்போது காதுக்குள்ளும் வேலி அடிக்கிறான். வீட்டுக்குள் ம.ம., வெளியில் இவன். இந்தப் பூமியில் நான் சத்தம் போடுவதற்கு ஒரு முழம் இடமில்லை.

எழும்பிப் போய் வேலிக்கு மேலால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். படுக்கையில் கிடக்கிறவனோடு சண்டை பிடித்தவன் என்று ஊர் சொல்லும். காரை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

சரி. அவனுக்குக் கேட்கக்கூடாது. அவ்வளவுதானே?

ஒக்டோபர் 14, செவ்வாய்

நாள் முழுக்க வேலை. நான்கு கதவும். இ.மு.வுக்கு இரண்டு தரம், தார் மேல் தார். அதற்கு மேல் நித்திரைப் பாயில் வெட்டிய பஞ்சு. கதவு ஓரமெல்லாம் ரப்பர். கண்ணாடி ஏறி இறங்குகிற இடுக்கிலும் பஞ்சைத் திணித்தேன். கண்ணாடி இப்போது அசையாது. அசைய வேண்டியதும் இல்லை.

அடியில் இருந்த ஓட்டைகளையும் விடவில்லை. நானா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் வெளிச்சம் தெரிகிற இடத்தால் சத்தம் போகாமல் இருக்குமா? சின்ன ஓட்டைதான். அடைத்தேன், அழுத்தினேன், தேய்த்தேன். மழையும் எங்கே வருகிறது?

கைகள் கறுப்பு. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. சோறு கரண்டியால்.

சு.: "அப்பா, கார விக்கப் போறீங்களா? இவ்வளவு பாடுபடுறீங்க."
நான்: "சும்மா. பொழுது போகணுமே."

உண்மையைச் சொன்னால் விளங்குமா? ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருக்கப் பழகுகிறேன் மகளே என்று சொன்னால் அழுவாள். அழ வைக்கவும் கூடாது.

ஒக்டோபர் 16, வியாழன்

வெற்றி.

கதவை மூடினால் 'டப்' என்று ஒரு கனத்த சத்தம், பெரிய ஆட்களின் கார் போல. அதோடு ஊர் நின்றுவிடுகிறது. முந்தாநாள் வரை காருக்குள் இருந்தால் கேட்டவை: பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு, பெருந்தெருவில் பஸ், கோயில் மணி, காற்றுத் திரும்பினால் ஏறாவூரிலிருந்து பள்ளிவாசல் வாங்கு, சு. பிள்ளையோடு கதைப்பது. இன்று ஒன்றும் இல்லை. பாட்டு மட்டும். முழுச் சத்தத்தில் போட்டேன். இறங்கிப் போய் வெளியில் நின்று பார்த்தேன், கொசு பாடுகிற அளவு. வேலியில் அடி இல்லை. மறுபடி ஏறி மூன்று பாட்டு. அடி இல்லை. தோற்றுவிட்டான்.

இறங்கி உள்ளே போனபோது மேசையில் மூடி வைத்த சாப்பாட்டுக் கோப்பை. அவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

"கூப்பிட்டுப் பாத்தம் அப்பா. உங்களுக்குக் கேக்கல்ல. மூடி வச்சிருக்கன்."

ம.ம.: "மாமா, இப்ப ஒரு சத்தமும் இல்ல. நல்ல வேலை செஞ்சிருக்கீங்க."

நன்றி என்றேன். புட்டு ஆறிப்போய் இருந்தது.

முன்பு கண்ணாடியில் தட்டுவதற்காவது ஒரு ஆள் வந்தார். தட்டினால் கோபம் வந்தது. இப்போது தட்ட யாருக்கும் தேவையில்லை. இதைத்தானே கேட்டாய்? ஓம், இதைத்தான் கேட்டேன்.

ஒக்டோபர் 18, சனி

சு., ம.ம., பிள்ளை வெல்லாவெளி போனார்கள். தீபாவளிக்கு. ம.ம.வின் தாய் வீடு. பைகளை ஓட்டோவில் ஏற்றிய பிறகு சு. கேட்டாள்: "அப்பா, நீங்களும் வாங்களன்?"

"வீட்டுக்கு ஆள் வேணும்தானே."

"ஓம், அதுவும் சரிதான்" என்றாள்.

இன்னொரு தரம் கேட்டிருந்தால் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்திருப்பேன். கேட்கவில்லை. அவள் மேல் பிழை இல்லை, ஓட்டோ இரைந்துகொண்டு நின்றது. பிள்ளை கை காட்டியது, எனக்கோ கோழிக்கோ தெரியவில்லை.

காரில் நாள் முழுக்கப் பாட்டுப் போடலாம். ஒருவரும் இல்லை. முதல் தரமாக வீடு முழுக்க எனக்கு. போடவில்லை. ஏனோ.

பின்னேரம் வானம் கறுத்தது.

ஒக்டோபர் 19, ஞாயிறு

விடியும் முன் தொடங்கிய மழை. சும்மா மழை இல்லை, கொட்டு மழை. கொட்டில் கூரை எப்போதும் இடது பக்கம் ஒழுகும். ஒழுக்குக்கு ஒட்ட வேண்டிய தார் எல்லாம் கார்க் கதவுக்குள் இருக்கிறது.

மழை விட்ட நேரம் பால்மா வாங்கச் சந்திக்குப் போனேன். திரும்பும் வளைவில் 'சளக்'. யாரோ பின்னால் இளநீர் குலுக்குவது போல. நிறுத்தினேன், சத்தம் நின்றது. எடுத்தேன், சளக். பின் சீட்டில் போத்தலா? இல்லை. டிக்கி? இல்லை. பிரேக் போட்டால் முன்னுக்கு ஓடுகிறது, எடுத்தால் பின்னுக்கு ஓடுகிறது. சந்தியில் கடைக்காரன் கேட்டான்: "ஐயா, கதவுக்குள்ள மீன் வளக்கிறீங்களா?"

இ.மு. தண்ணீர் நிறைந்த கதவு. கண்ணாடியால் இறங்கியது போக வழியில்லாமல் உள்ளே நிற்கிறது. கதவைத் திறந்தால் பாரத்தில் கீழே சாய்கிறது.

நானா சொன்னார். ஓம் ஓம் என்றேன். கேட்டவன் நான்தான், செய்தவனும் நான்தான்.

வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டேன். இ.மு. ஸ்பீக்கர் இரண்டு தரம் கொறகொறத்தது. பிறகு ஒன்றும் இல்லை.

கதவை ஊமையாக்கணும் என்றார். ஆக்கிவிட்டேன்.

ஒக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலையில் எண்ணெய் வைத்துத் தலைமுழுக்கு. தனி ஆளுக்கு எதற்கு என்று தோன்றியது. பூமணி கேட்டால் ஏசுவாள், ஆகவே முழுகினேன். சு. டின்னில் வைத்துவிட்டுப் போன பயற்றம் பணியாரத்தில் ஒன்று. சாமிப் படத்துக்கு ஒன்று. போன் வந்தது. பிள்ளையின் முகத்தைக் காட்டினாள், கூரையைக் காட்டினாள், பிறகு யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

மழை சற்று விட, இ.மு.வைக் கழற்றினேன். அடி ஓட்டையில் தாரைக் கிழித்ததும் தண்ணீர் காலில் கொட்டியது, ஒரு வாளி அளவு. பிறகு எல்லாவற்றையும் பிய்க்கத் தொடங்கினேன். பஞ்சு ஊறி நாறுகிறது. தார் கையோடு வருகிறது.

அந்த நேரம் படலையில் "அண்ணன்" என்று ஒரு குரல். திரேசா. அருளப்புவின் மனிசி. வேலிச் சண்டைக்குப் பிறகு இந்தப் படலைக்குள் கால் வைக்கவில்லை. நல்ல நாள் பெருநாளில் ஒரு வீட்டுக்குப் போக யாரும் அழைக்கத் தேவையில்லை. அந்தத் தைரியத்தில் வந்திருக்கிறாள்.

"வாங்க தங்கச்சி. சு. இல்ல, வெல்லாவெளி போயிட்டா."

"தெரியும் அண்ணன். உங்களத்தான் பாக்க வந்தன்." கழற்றிக் கிடந்த கதவைப் பார்த்தாள். "பாட்டுப் பெட்டி பழுதாப் போயிற்றா?"

"ஏன் கேக்கிறீங்க?"

"இல்ல, இப்ப கொஞ்ச நாளாப் பாட்டுக் கேக்கல்ல. இவர் பின்னேரமானா வேலிப் பக்கம் கட்டிலப் போடச் சொல்லிக் கையக் காட்டுவார். உங்கட பாட்டுக்குத்தான். நல்ல கையில ஒரு தடியக் குடுத்து வச்சிருக்கன். ஒரு பாட்டு முடிஞ்சா ரெண்டு தட்டு. ரைட் எண்டு. அடுத்ததப் போடட்டாம்." சிரிக்கப் பார்த்தாள். "கொண்டக்டர்தானே. வாய் ஏலாட்டியும் அது மட்டும் மறக்கல்ல."

கையில் ஒட்டிய தாரைத் துணியில் தேய்த்தேன், போகவில்லை.

"இப்ப வேலியப் பாத்திட்டே கிடக்கார் அண்ணன். தடியையும் போட்டுட்டார். கஞ்சி குடுத்தா வாயத் திறக்கிறாரில்ல. நீங்க பழைய கோபத்துல நிப்பாட்டிட்டீங்களோ எண்டு... அப்பிடியெண்டா பரவால்ல, நான் கேட்டனெண்டு நினைக்காதீங்க."

"சே, கோபம் என்ன கோபம்" என்றேன். "பழுதுதான் தங்கச்சி. கதவுக்குள்ள தண்ணி போயிற்று."

பொய் இல்லை. உண்மையும் இல்லை. பணியாரத்தை டின்னோடு கொடுத்தேன். முந்தி பூமணி தட்டில் வைத்து, வெள்ளைத் துணி போட்டு, கிடுகு வேலியில் இருந்த பொட்டுக்கால், அந்த ஓட்டையால், நீட்டுவாள். தகரத்தில் பொட்டு இல்லை. படலையால் போய், தெருவால் சுற்றித்தான் போக வேண்டும். திரேசா மழைத்தூறலில் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுற்றிப் போனாள்.

நேரக்காப்பாளனாம் நான்! வாழ்நாள் முழுக்க அந்த இரண்டு அடியைக் கேட்டவன். எத்தனை ஆயிரம் பஸ் அந்த இரண்டு அடியில் என் முன்னால் புறப்பட்டிருக்கும். பத்தாந் திகதி என் கையாலேயே இதே கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறேன். இரண்டு என்றால் எடு. நான் மட்டும் நிறுத்து என்று கேட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது. நான் தனியாக இருந்து பாட்டுக் கேட்பதாகத்தான் நினைத்தேன். ஒரு ஆள் பக்கத்தில் இருந்து கூடவே கேட்டிருக்கிறான். நாங்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறோம். அதைத்தான் பார்த்துப் பார்த்து, ஓட்டை ஓட்டையாக, ரொட்டிக் கட்டையால் அழுத்தி அடைத்தேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

மழை இல்லை. மூடின வானம். இ.மு. கதவு வெறுந் தகரமாக, தட்டு இல்லாமல், வயரெல்லாம் வெளியில் தெரிய. ஸ்பீக்கர் வெயில் வந்தால் காய்ந்து பேசலாம், பேசாமலும் விடலாம். மற்ற மூன்றும் வேலை செய்கிறது.

கதவின் கண்ணாடி இறங்காது. திணித்த பஞ்சு ஒரு பக்கம் இறுகிக் கிடக்கிறது. ஆகவே கதவையே அகலத் திறந்து வைத்தேன். வேலியில் முட்டுகிற அளவு. அந்த ஒரு முழம் எங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் அகலத் திறந்திருக்கும். (இதையும் எழுதாமல் விட முடியவில்லை பார்.)

பின்னேரம். அந்தப் பக்கம் கட்டில் கால் இழுபடும் சத்தம் கேட்டது. திரேசா ஏதோ சொல்கிறாள். 

பாட்டு. டிப்போ ரேடியோக் காலத்துப் பாட்டு ஒன்று. தகரம் சேர்ந்து பாடுகிறது, கேவலமாக. வீணையைக் காணோம். முடிந்தது.

அடி இல்லை.

கொஞ்சம் பொறுத்து அடுத்தது. முடிந்தது. அடி இல்லை.

மூன்றாவது. இல்லை.

நித்திரையாக இருக்கலாம். தடியைப் போட்டவன் எடுக்காமல் இருக்கலாம். கோபமாக இருக்கலாம், இருக்க உரிமையும் உண்டு. எத்தனை பின்னேரம் ரைட் ரைட் என்று அடித்தான், பஸ் நின்ற இடத்திலேயே நின்றதே.

சீட்டில் இருந்து சரிந்து, திறந்த கதவுக்கு வெளியே கையை நீட்டினேன். வேலி கைக்கு எட்டியது. தகரம் ஈரம். இரண்டு தட்டு தட்டினேன். சத்தம் சரியாக வரவில்லை. மறுபடி, பலமாக. டக் டக்.

ஒன்றும் இல்லை. தூரத்தில் பாண் ஓட்டோ. சு. நாளைக்கு வருவாள். ரொட்டிக் கட்டை வாங்கவில்லை.

இதை எழுதிக்கொண்டு இருக்கும்போதே, அந்தப் பக்கத்திலிருந்து.

டக்.

ஒன்று. காத்திருந்தேன், இரண்டாவது வரவில்லை. ஒன்றுதான். அவன் அடியில் பிழை இருக்காது.

ஒன்று என்றால் நிறுத்து. ஆள் ஏற இருக்கு.

பாட்டை நிறுத்திவிட்டேன். இடது முன் சீட்டில் கிடந்த தார்த் துண்டு, பஞ்சு எல்லாம் அள்ளிப் பின்னால் போட்டாயிற்று. சீட்டை நான் போட்டிருந்த சேட்டால் துடைத்தேன். அந்தப் பக்கம் திரேசா மட்டும்தான், அவளால் அவனைத் தனியத் தூக்க ஏலாது. தெருவால் சுற்றிப் போகிறேன்.